காண்டல், கருதல், உரை: இயன்முறை மருத்துவரின் அறிவு நம்பிக்கைகளும் சான்றுசார் நடைமுறையும்

ஆய்வுச் சுருக்கம்

இயன்முறை மருத்துவர்கள் ஆய்வுச் சான்றுகளைத் தம் அன்றாடச் சிகிச்சையில் ஏன் குறைவாகப் பயன்படுத்துகின்றனர் என்னும் வினாவிற்கு நேரமின்மை, ஆய்விதழ்கள் கிட்டாமை, புள்ளியியல் பயிற்சிக் குறைவு ஆகியவையே விடைகளாகப் பெரிதும் கூறப்பட்டு வருகின்றன. இவ்விடைகள் போதுமானவை அல்ல என்பது இக்கட்டுரையின் கருத்து. அறிவு எங்கிருந்து வருகிறது, எந்த அளவிற்கு உறுதியானது, யார் சொன்னால் ஏற்கத்தக்கது என்பன பற்றி மருத்துவர் கொண்டுள்ள நம்பிக்கைகளே ஒரு சான்று ஏற்கப்படுமா, ஒதுக்கப்படுமா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. தமிழ் அளவை மரபின் காண்டல், கருதல், உரை என்னும் மூன்று கருத்தாக்கங்களைத் துணையாகக் கொண்டு, அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, பக்கவாத நோயாளிகளைப் பற்றிய 'அவெர்ட்', 'அட்டெண்ட்' ஆய்வுகள் ஆகியவற்றின்வழி இக்கருத்து விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இயன்முறை மருத்துவம், சான்றுசார் நடைமுறை, அறிவு நம்பிக்கைகள், அளவை, பக்கவாத மறுவாழ்வு.

முன்னுரை

சான்றுசார் மருத்துவம் என்னும் கருத்தாக்கம் 1992-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த ஒரு கட்டுரையின் வழியாகப் பரவலான கவனத்தைப் பெற்றது. உள்ளுணர்வு, முறைப்படுத்தப்படாத அனுபவம், நோய் உண்டாகும் விதம் பற்றிய விளக்கம் ஆகியவை மட்டும் சிகிச்சை முடிவிற்குப் போதுமான அடித்தளம் ஆகமாட்டா என்று அக்கட்டுரை அறிவித்தது. 1996-இல் டேவிட் சாக்கெட்டும் உடனாய்வாளர்களும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை இக்கருத்தைச் செம்மைப்படுத்தியது. கிடைக்கக்கூடிய சிறந்த ஆய்வுச் சான்றையும் மருத்துவரின் தனித்திறனையும் இணைத்து, நோயாளியின் விருப்பத்தையும் கருதி முடிவெடுப்பதே சான்றுசார் நடைமுறை என்பது அவர்கள் தந்த விளக்கத்தின் சாரம்.

இயன்முறை மருத்துவம் இக்கருத்தை விரைவாக ஏற்றது. 1999-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 'பெட்ரோ' என்னும் தரவுத்தளம் தொடங்கப்பட்டது. இயன்முறை மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி, அவற்றின் தரத்தை மதிப்பிட்டு, எவரும் கட்டணமின்றித் தேடும் வகையில் அது வழங்கி வருகிறது. சிற்றூரில் தனி நிலையம் நடத்தும் ஓர் இயன்முறை மருத்துவரும் இன்று தம் கைபேசியிலேயே அதனைத் தேடிப் பார்க்க இயலும். இவ்வளவு வாய்ப்பு இருந்தும், பயன் ஐயத்திற்கிடமான சிகிச்சைகள் தொடர்கின்றன. பயன் நிறுவப்பட்ட சிகிச்சைகள் தயக்கத்தோடே கையாளப்படுகின்றன.

இது தொழிலுக்குள் அடங்கிவிடும் சிக்கல் அன்று. தமிழகத்தில் மக்கள் 'கரண்ட் வைத்தல்' என்று குறிப்பிடும் மின்வழிச் சிகிச்சைக்காகப் பத்து நாள் தொடர்ந்து வரும் ஒரு கூலித் தொழிலாளி, கட்டணத்தோடு பத்து நாள் கூலியின் ஒரு பகுதியையும் இழக்கிறார். அச்சிகிச்சையைப் பரிந்துரைத்தவர் எதனை அறிவு என்று கருதினார் என்னும் வினா அவர் வீட்டுக் கணக்கு வரை நீள்கிறது. அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

'தடைகள்' பற்றிய ஆய்வுகளின் எல்லை

சான்றுசார் நடைமுறை பற்றி இயன்முறை மருத்துவர்களிடையே நிகழ்த்தப்பெற்ற ஆய்வுகளுள் பெரும்பாலானவை வினாநிரல் ஆய்வுகள். அவற்றுள் பரவலாக எடுத்துக்காட்டப்படுவது, ஜெட்டும் பிறரும் 2003-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு. அதில் 488 இயன்முறை மருத்துவர்கள் விடையளித்தனர். அவர்களுள் பெரும்பாலோர் சான்றுசார் நடைமுறை தேவையானது என ஏற்றனர். அதனைப் பின்பற்றுவதற்குரிய தடைகளுள் நேரமின்மையே முதலிடம் பெற்றது. பிற நாடுகளில் நிகழ்ந்த வினாநிரல் ஆய்வுகளும் இதனையொத்த முடிவுகளையே தந்துள்ளன.

இவ்வகை ஆய்வுகளின் பயனை மறுப்பதற்கில்லை. எனினும் அவற்றின் அமைப்பில் ஒரு குறை உள்ளது. மேற்கண்ட ஆய்வின் தலைப்பிலேயே நம்பிக்கை என்னும் சொல் இடம்பெறுகிறது. ஆனால் அது கேட்டறிந்தது சான்றுசார் நடைமுறையைப் பற்றிய நம்பிக்கையை. அறிவைப் பற்றிய நம்பிக்கையை அன்று. 'ஆய்வுச் சான்று தேவையா?' என்னும் வினாவிற்கு 'ஆம்' என விடையளிக்கும் இருவர், 'சான்று' என்னும் சொல்லால் வெவ்வேறு பொருள்களைக் கருதியிருக்கலாம். ஒருவருக்கு அது தம் நோயாளி நலமடைந்த நிகழ்ச்சி. மற்றவருக்கு அது பாடநூல் கூற்று. வினாநிரல் இருவரையும் ஒரே கட்டத்தில் சேர்த்துவிடுகிறது.

நேரமின்மை என்னும் விடையும் மேலும் ஆராயத்தக்கது. விலையுயர்ந்த புதிய கருவியின் செயல்முறையைக் கற்கவும், வார இறுதிக் கைமுறைச் சிகிச்சைப் பயிலரங்குகளில் பங்கேற்கவும் நேரம் ஒதுக்கும் மருத்துவர், ஆய்வுக் கட்டுரை படிக்க நேரமில்லை என்று கூறுவாராயின், அங்கே பற்றாக்குறை நேரத்தில் மட்டும் இல்லை. முன்னையது அறிவைத் தரும், பின்னையது அத்துணைத் தராது என்னும் மதிப்பீடு அவரிடம் முன்னரே உருவாகியுள்ளது. நேரப் பங்கீடு அம்மதிப்பீட்டின் விளைவாகவும் இருக்கலாம்.

அறிவு நம்பிக்கைகளும் மூன்று அளவைகளும்

கற்போர் அறிவைப் பற்றிக் கொள்ளும் நம்பிக்கைகளைக் கல்வி உளவியலார் அரை நூற்றாண்டிற்கு மேலாக ஆராய்ந்து வருகின்றனர். ஹார்வர்டு மாணவர்களிடையே வில்லியம் பெர்ரி நிகழ்த்திய ஆய்வு 1970-இல் நூலாக வெளிவந்தது. ஒவ்வொரு வினாவிற்கும் சரியான ஒரு விடை உண்டு, அது ஆசிரியரிடம் உள்ளது என்னும் நிலையில் தொடங்கும் மாணவர், அறிஞர்களே முரண்படுவதைக் கண்டு 'எல்லாம் அவரவர் கருத்து' என்னும் நிலைக்கு வந்து, பின்னர்ச் சூழலையும் காரணத்தையும் எடைபோட்டு ஒரு நிலைப்பாட்டை ஏற்கும் நிலைக்கு வளர்கிறார் என்பது அவர் கண்ட முறைமை. மார்லின் ஷோமர் 1990-இல் வெளியிட்ட ஆய்வு, இந்நம்பிக்கைகள் ஒரே படிக்கட்டில் ஏறுபவை அல்ல. அறிவின் உறுதி, அறிவின் எளிமை, கற்கும் வேகம், கற்கும் திறன் பிறவியிலேயே அமைவது ஆகியவை பற்றிய நம்பிக்கைகள் ஓரளவு தனித்தனியே இயங்கக்கூடியவை எனக் காட்டியது.

இக்கோட்பாடுகள் அறிவின் உறுதியையும் அமைப்பையும் நன்கு விளக்குகின்றன. அறிவின் வாயில்களைப் பிரித்துப் பார்ப்பதற்குத் தமிழ் அளவை மரபு கூடுதலான துணை செய்கிறது. மணிமேகலையின் 27-ஆம் காதையில் அளவைகள் விரிவாக எண்ணப்படுகின்றன. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், அளவைகள் பலவற்றையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கிக் காட்டுகிறது. புலன்வழி நேரே அறிவது காண்டல். புகையைக் கண்டு நெருப்பை உணர்வதுபோல், கண்டதிலிருந்து காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கோர் கூற்றின்வழி அறிவது உரை. சைவ மரபில் உரை இறைநூலைச் சிறப்பாகக் குறிக்கும். இக்கட்டுரையில் அச்சொல் நம்பத்தக்கோர் கூற்று என்னும் பொதுப்பொருளில் மட்டுமே கையாளப்படுகிறது.

இயன்முறை மருத்துவரின் அறிவிற்கும் இம்மூன்றே வாயில்கள். நோயாளியின் மூட்டைத் தொட்டு அசைத்து அறிவது காண்டல். உடற்கூறு, உடலியங்கியல் ஆகியவற்றிலிருந்து, 'இத்தசை வலுவிழந்துள்ளது, ஆதலால் இப்பயிற்சி உதவும்' என உய்த்துணர்வது கருதல். ஆசிரியர், பாடநூல், மூத்த மருத்துவர், வழிகாட்டு நெறி ஆகியோர் அல்லது ஆகியவை சொல்வது உரை.

இவற்றுள் சமவாய்ப்புக் கட்டுப்பாட்டு ஆய்வு எங்கே அமைகிறது என்பதே இங்கு முதன்மையான வினா. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவிற்குச் சிகிச்சையும் மற்றதற்குப் போலிச் சிகிச்சையோ வழக்கமான சிகிச்சையோ அளித்து ஒப்பிடுவது அவ்வாய்வு. அதனை நிகழ்த்தியவர்களுக்கு அது பல காண்டல்களிலிருந்து பெற்ற கருதல். அதனைப் படிக்கும் மருத்துவருக்கோ அது உரை மட்டுமே. அந்நோயாளிகளை அவர் கண்டதில்லை. அக்கணக்கை அவர் செய்ததில்லை. ஆகவே ஆய்வுச் சான்றை ஏற்பதா மறுப்பதா என்பது, பிறர் சொல்லை எப்போது நம்பலாம் என்பது பற்றி அவர் கொண்டுள்ள நம்பிக்கையைப் பொறுத்ததாகிறது. 'கண்ணால் கண்டதே அறிவு' என்று கருதுபவரிடம் ஆய்வு ஒருபோதும் வெல்லாது. 'பெரியோர் சொன்னதே அறிவு' என்று கருதுபவரிடம் அது வேதமாகிவிடும்.

கண்டதும் கருதியதும்: அல்ட்ராசவுண்ட் சிகிச்சை

இயன்முறை மருத்துவ நிலையங்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் கருவிகளுள் ஒன்று அல்ட்ராசவுண்ட். பெரும்பாலும் 1 அல்லது 3 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலியலைகளைத் திசுக்களுக்குள் செலுத்தி, வெப்பத்தையும் நுண்ணிய இயக்க விளைவுகளையும் உண்டாக்கி வலியைக் குறைப்பதாக அதன் செயல்முறை விளக்கப்படுகிறது. ராபர்ட்சனும் பேக்கரும் 2001-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, இச்சிகிச்சை குறித்த 35 சமவாய்ப்பு ஆய்வுகளை ஆராய்ந்தது. அவற்றுள் 10 மட்டுமே ஏற்கத்தக்க முறையியல் உடையவையாக இருந்தன. அந்தப் பத்தில் எட்டு, உண்மையான சிகிச்சை போலிச் சிகிச்சையைவிடச் சிறந்ததாக இல்லை என்று காட்டின. மணிக்கட்டு நரம்பு அழுத்தம், தோள் தசைநாணில் கால்சியம் படிதல் ஆகிய இரு நிலைகளில் மட்டும் ஒவ்வோர் ஆய்வு பயனைக் காட்டியது.

இம்முடிவு வெளிவந்த பின்னரும் கருவியின் பயன்பாடு தொடர்கிறது. 'குணமாவதைக் கண்ணால் பார்க்கிறோம்' என்பது அதற்குப் பொதுவாகக் கூறப்படும் நியாயம். இக்கூற்றை அளவை நோக்கில் பகுத்தல் வேண்டும். மருத்துவர் கண்டது யாது? நோயாளி முதல் நாள் வலியோடு வந்தார். பத்தாம் நாள் வலி குறைந்திருந்தது. இவ்வளவே காண்டல். 'கருவியால் வலி குறைந்தது' என்பது காண்டலன்று, கருதல். வலி மிகுந்த நாளிலேயே நோயாளிகள் மருத்துவரை நாடுவதால், அதன்பின் வலி தணிவது இயல்பாகவே எதிர்பார்க்கத்தக்கது. பல வலிகள் சில வாரங்களில் தாமே தணிவன. கருவியோடு உடற்பயிற்சியும் அறிவுரையும் பரிவான கவனிப்பும் சேர்ந்தே அளிக்கப்படுகின்றன. இத்தனை காரணங்களுள் எதனால் விளைவு நேர்ந்தது என்பதைத் தனியொரு நோயாளியைக் கண்டு அறிய இயலாது.

புகையிலிருந்து நெருப்பைக் கருதுவது செல்லுபடியாவதற்கு, நெருப்பில்லாத இடத்தில் புகையில்லை என்பது தெரிந்திருக்க வேண்டும். சிகிச்சையில்லாத இடத்திலும் நலம் நேர்கிறதா என்று பார்த்தாலன்றி, நலத்திலிருந்து சிகிச்சையின் ஆற்றலைக் கருத இயலாது. போலிச் சிகிச்சை பெறும் பிரிவு ஆய்வில் செய்யும் பணி இதுவே. அளவை நூலார் வற்புறுத்திய நிபந்தனையைத்தான் கட்டுப்பாட்டு ஆய்வு செயலளவில் நிறைவேற்றுகிறது.

அனுபவத்தை மதிக்கும் மருத்துவர் தவறிழைப்பதாக இங்குக் கூறவில்லை. கருதலைக் காண்டல் என்று பெயரிட்டுக்கொள்வதே சிக்கல். காண்டல் என்று பெயர் பெற்றவுடன் அது ஐயத்திற்கு அப்பாற்பட்டதாகிவிடுகிறது. எதிர்த்தரப்பிலும் இதனையொத்த மிகை உண்டு. மேற்கண்ட மதிப்பாய்வைக் காட்டி, 'அல்ட்ராசவுண்ட் பயனற்றது என நிறுவப்பட்டுவிட்டது' என்று முடிவு கட்டுவோர், பயன் காட்டிய இரு ஆய்வுகளையும், தரமான ஆய்வுகள் குறைவு என்பதையும், ஆய்வுக்கு ஆய்வு சிகிச்சை அளவு வேறுபட்டதையும் மறந்துவிடுகின்றனர். சான்று குறைவு என்பதும் பயனின்மைக்குச் சான்று உண்டு என்பதும் வெவ்வேறு.

கருதலின் வலிமையும் எல்லையும்: அவெர்ட் ஆய்வு

காண்டலைவிடக் கருதலே இயன்முறை மருத்துவக் கல்வியில் பெருமதிப்புப் பெறுவது. அதன் எல்லையைக் காட்டும் தெளிவான எடுத்துக்காட்டு 'அவெர்ட்' ஆய்வு. பக்கவாதத்திற்குப்பின் படுக்கையிலேயே கிடப்பதால் தசை மெலிவு, காலில் குருதி உறைதல், நுரையீரல் அழற்சி ஆகியவை நேரும். நார்வேயின் ட்ரோன்ட்ஹைம் நகரில் பக்கவாதத்திற்கெனத் தனிப் பிரிவில் சிகிச்சை பெற்றோர் சிறப்பாகத் தேறியதாக 1991-இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கு நோயாளிகளை விரைவில் எழுப்பி நடமாடச் செய்வது வழக்கம். இவற்றிலிருந்து, 'எவ்வளவு முன்னதாகவும் மிகுதியாகவும் எழுப்புகிறோமோ அவ்வளவு நன்று' எனக் கருதுவது நியாயமானதே.

ஆஸ்திரேலிய இயன்முறை மருத்துவர் ஜூலி பெர்ன்ஹார்ட் தலைமையில் இக்கருத்து சோதிக்கப்பட்டது. ஐந்து நாடுகளின் 56 பக்கவாதப் பிரிவுகளில் 2,104 நோயாளிகள் பங்கேற்றனர். 24 மணி நேரத்திற்குள் தொடங்கி மிகுதியாக நடமாடச் செய்யப்பட்ட பிரிவும், வழக்கமான கவனிப்புப் பெற்ற பிரிவும் ஒப்பிடப்பட்டன. 2015-இல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவு எதிர்பார்ப்பிற்கு மாறாக அமைந்தது. மூன்று மாத முடிவில் நல்ல நிலையை எய்தியோர் வழக்கமான பிரிவில் 50 விழுக்காடு. மிகுதியாக நடமாடிய பிரிவில் 46 விழுக்காடு.

இந்த நான்கு விழுக்காடு அறிவு நம்பிக்கை பற்றிய ஆய்வில் பெரும் முதன்மை உடையது. ஆண்டிற்கு நூறு பக்கவாத நோயாளிகளைக் கவனிக்கும் ஒரு மருத்துவர், அனைவரையும் முதல் நாளே மிகுதியாக எழுப்பி நடமாடச் செய்தால், ஏறத்தாழ நான்கு பேர் நல்ல நிலையை எய்தாமல் போகலாம். அந்த நால்வர் யாவர் என்பது அவருக்கு ஒருநாளும் தெரியாது. தேறிய நாற்பத்தாறு பேரை மட்டும் அவர் காண்பார். தம் முறை வெற்றி பெற்றதாகவே உணர்வார். எத்துணைக் கூர்மையான காண்டலாலும் எட்ட இயலாத அறிவு உண்டு என்பதற்கு இது சான்று. அவ்வறிவு ஒரு மருத்துவரை வந்தடைய உரை ஒன்றே வழி.

இவ்வாய்வை நிகழ்த்தியோரின் அறிவு நம்பிக்கையும் கருதத்தக்கது. தாம் சரியென நம்பிய ஒன்றைப் பொய்யாகக்கூடிய சோதனைக்கு அவர்கள் உட்படுத்தினர்; முடிவு எதிராக வந்தபோது வெளியிட்டனர். அதனோடு நில்லாமல், தரவுகளை மேலும் பகுத்து 2016-இல் வெளியிட்ட கட்டுரையில், குறுகிய நேரமாகப் பலமுறை நடமாடச் செய்தல் நற்பயனோடு தொடர்புடையது என்றும் காட்டினர். 'விரைந்து எழுப்புதல் தீது' என்று ஒற்றை வரியாக இவ்வாய்வைச் சுருக்குவோர் இப்பகுதியைத் தவறவிடுகின்றனர். ஒப்பிடப்பட்ட வழக்கமான பிரிவிலும் பலர் முதல் நாளிலேயே எழுப்பப்பட்டவர்கள் என்பதால், இவ்வாய்வு படுக்கையில் கிடத்துவதற்கு ஆதரவாகவும் அமையவில்லை.

உரையை எடைபோடுதல்: அட்டெண்ட் ஆய்வு

உரை ஒன்றே வழி என்றால், எல்லா உரையையும் ஏற்க வேண்டுமா என்னும் வினா எழுகிறது. இந்தியாவில் நிகழ்ந்த 'அட்டெண்ட்' ஆய்வு இதனை ஆராய இடமளிக்கிறது. பக்கவாத நோயாளியின் குடும்பத்தார் ஒருவருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சியளித்து, வீட்டில் அவரே மறுவாழ்வுப் பயிற்சிகளைத் தொடரச் செய்தால் பயனுண்டா என்பது ஆய்வின் வினா. 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகள் பங்கேற்றனர். 2017-இல் வெளியான முடிவின்படி, ஆறு மாத இறுதியில் இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ்வோரும் சேர்ந்து இரு பிரிவிலும் 47 விழுக்காட்டினர்.

மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக நோயாளியின் அருகிருந்து துணை செய்பவரையும் எண்ணும் திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தோடு வளர்ந்த சமூகத்திற்கு இம்முடிவு ஏமாற்றமாகத் தோன்றலாம். இதனை எதிர்கொள்ள மூன்று வழிகள் உள்ளன. 'குடும்பத்தாருக்குப் பயிற்சியளிப்பது வீண். ஆய்வு சொல்லிவிட்டது' என்று பயிற்சியையே நிறுத்துவது முதல் வழி. 'ஆய்வாளருக்கு நம் குடும்பங்களைத் தெரியாது' என்று முடிவையே ஒதுக்குவது இரண்டாம் வழி. இவை எதிரெதிராகத் தோன்றினும் இரண்டிற்கும் அடித்தளம் ஒன்றே: அறிவு என்றால் அது முற்றும் உறுதியாக இருக்க வேண்டும் என்னும் நம்பிக்கை. உறுதியானது என்று ஏற்றவர் பணிகிறார். உறுதியற்றது என்று கண்டவர் முழுதும் தள்ளுகிறார். முதல் வழியில் செல்பவரே, வழிகாட்டு நெறி மாறும்போது 'இவர்கள் இன்று ஒன்று சொல்வர், நாளை ஒன்று சொல்வர்' என இரண்டாம் வழிக்கு மாறிவிடுவதும் இதனால்தான். பெர்ரி கண்ட முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு நேரும் நகர்வு இதுவே.

மூன்றாம் வழி, அவ்வுரை எவ்வினாவிற்கு விடையளித்தது என்று கேட்பது. வழக்கமான கவனிப்போடு கட்டமைக்கப்பட்ட குடும்பப் பயிற்சியைச் சேர்ப்பதால் இறப்பும் சார்ந்து வாழ்தலும் குறையுமா என்பதே அங்குச் சோதிக்கப்பட்டது. இந்திய மருத்துவமனைகளில் வழக்கமான கவனிப்பு என்பதிலேயே குடும்பத்தாரின் பங்கு பெரிது. ஆகவே இரு பிரிவிற்கும் இடையிலான வேறுபாடு சிறிதாக இருந்திருக்கும் வாய்ப்பு உண்டு. பாதுகாப்பாகப் படுக்கையிலிருந்து எழுப்புவதற்கு உறவினருக்குக் கற்பிப்பது தேவையா என்பது வேறு வினா. அதே வேளையில், மருத்துவமனைப் பயிற்சிக்கு மாற்றாகக் குடும்பத்தாரை நம்பி, மறுவாழ்வுப் பணியாளர்களைக் குறைக்கலாம் என்னும் கொள்கைக்கு இவ்வாய்வு ஆதரவு தரவில்லை என்பதும் தெளிவு. மூன்றாம் வழியே கடினமானது. சாக்கெட்டின் விளக்கம் வேண்டுவதும் அதையே.

கைத்திறன் அறிவின் நியாயம்

இவ்வாதத்திற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மைக்கேல் பொலானி 1966-இலும் டொனால்ட் ஷோன் 1983-இலும் வெளியிட்ட நூல்கள், தொழில் வல்லுநரின் அறிவில் பெரும்பகுதி சொல்லில் அடங்காதது என்றும், செயலின் ஊடே சிந்தித்து உருவாவது என்றும் விளக்கின. அச்சத்தால் தசையை இறுக்கும் நோயாளிக்கும், வலுவின்மையால் கையை உயர்த்த இயலாத நோயாளிக்கும் உள்ள வேறுபாட்டை அனுபவமிக்க கை உணரும். எந்த ஆய்வுக் கட்டுரையும் அதனைக் கற்பிக்காது. மேலும், சான்றுகளின் தரவரிசை மாத்திரைகளைச் சோதிக்கும் முறையை ஒட்டி வளர்ந்தது. உடற்பயிற்சி அளிக்கும் மருத்துவரிடம் அவர் அளிப்பது எதுவென்று மறைக்க இயலாது. பதினொரு கூறுகள் கொண்டு பத்து மதிப்பெண் அளவில் அமைந்த பெட்ரோ அளவுகோலில் இயன்முறை மருத்துவ ஆய்வுகள் முழு மதிப்பெண் பெறுவது அரிதாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இம்மறுப்பு ஏற்கத்தக்கதே, ஆனால் ஓர் எல்லைவரை. எவ்வாறு தொடுவது, எப்போது நிறுத்துவது, எச்சொல்லால் நோயாளியை ஊக்குவது என்பன கைத்திறன் அறிவின் களங்கள். அச்சிகிச்சை நோயின் போக்கை மாற்றுகிறதா என்பது அதன் களமன்று. தொடுகை உணர்வும் பிழைக்கு அப்பாற்பட்டதில்லை. முதுகெலும்பு மூட்டுகளின் அசைவைத் தொட்டறிவதில் இரு மருத்துவர்களின் முடிவுகள் ஒத்துப்போவது குறைவு என்று பல தொகுப்பாய்வுகள் காட்டியுள்ளன. அழுத்தும்போது வலிக்கும் இடத்தைக் கண்டறிவதில் அவ்வொப்புமை ஒப்பீட்டளவில் மிகுதி. ஐயமும் திரிபும் நீங்கிய காண்டலையே அளவையாகக் கொள்ளும் மரபில் இது வியப்பிற்குரிய செய்தியன்று. காண்டலும் தேர்வுக்கு உரியதே.

கல்விக்கான விளைவுகள்

அறிவு நம்பிக்கைகள் கற்பிக்கப்படுபவை. ஆனால் பாடத்திட்டத்தில் எழுதப்படாமல் கற்பிக்கப்படுபவை. ஒரு சிகிச்சையின் செயல்முறையையும் பயன்படும் நிலைகளையும் பட்டியலிடுமாறு மட்டும் கேட்கும் தேர்வு வினா, அறிவு உறுதியானது, பட்டியல் வடிவிலானது, பாடநூலில் உள்ளது என்பதையும் சேர்த்தே கற்பிக்கிறது. அதே மாணவருக்கு இறுதியாண்டில் ஆய்வு முறையியலைத் தனிப்பாடமாகக் கற்பித்தால், அதுவும் மற்றுமொரு பட்டியலாகவே மனத்தில் தங்கும். தேடும் திறனை மட்டும் வளர்ப்பதால் நடைமுறை மாறாமைக்கு இதுவே அடிப்படை எனலாம்.

மாற்றாக, பயிற்சி மாணவர் எழுதும் நோயாளிப் பதிவேட்டிலேயே மூன்று வினாக்களைச் சேர்க்கலாம். இந்நோயாளியிடம் நேரே கண்டது எது? அதிலிருந்து கருதியது எது? யாருடைய உரையை ஏற்றுச் சிகிச்சையைத் தேர்ந்தேன், அவ்வுரையின் வலிமை என்ன? 'வலி குறைந்தது' என்பது முதற்பகுதியிலும், 'சிகிச்சையால் குறைந்தது' என்பது இரண்டாம் பகுதியிலும் எழுதப்படும்போது, இரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு மாணவர் கண்ணில் படும். ஆசிரியர் தாம் கற்பித்த ஒரு சிகிச்சையைப் புதிய சான்றின் காரணமாகக் கைவிட்டதை வகுப்பில் விளக்குவதும் இதனையொத்த பயன் தரும். கருத்தை மாற்றிக்கொள்வது அறிவின்மையின் அடையாளமன்று என்பதை மாணவர் சொல்லாலன்றிச் செயலால் கற்பர்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. சான்றுசார் நடைமுறையின் தடைகளை நேரம், வசதி, திறன் ஆகியவற்றில் மட்டும் தேடும் ஆய்வுகள், 'சான்று' என்பதை மருத்துவர் எவ்வாறு பொருள்கொள்கிறார் என்பதை அளக்கத் தவறுகின்றன. ஆய்வு முடிவு மருத்துவரை உரையாகவே வந்தடைகிறது. ஆகவே பிறர் கூற்றை எடைபோடும் பழக்கமே சான்றுசார் நடைமுறையின் அடிப்படைத் திறன். சிகிச்சையால் நலம் விளைந்தது என்பது காண்டலன்று, கருதல். அதனைக் காண்டல் என்று கொள்வதே ஆய்வு முடிவுகளை மறுப்பதற்குரிய முதன்மைக் காரணங்களுள் ஒன்று. சான்றை வேதமாகக் கொள்வதும் முற்றும் மறுப்பதும் அறிவு முழு உறுதியுடையதாக இருக்க வேண்டும் என்னும் ஒரே நம்பிக்கையின் இரு வெளிப்பாடுகள்.

தமிழ்வழிச் சிந்திக்கும் இயன்முறை மருத்துவர்களிடையே இக்கருத்தைச் சோதிக்க, மேலைநாட்டு வினாநிரல்களை மொழிபெயர்ப்பது மட்டும் போதாது. 'அறிவு உறுதியானதா?' என்று கேட்பதோடு, கண்டது, கருதியது, கேட்டது ஆகியவற்றை அவர்கள் தம் சிகிச்சை முடிவுகளில் எவ்வாறு பிரிக்கின்றனர் என்பதை உண்மையான நோயாளிப் பதிவுகளைக் கொண்டே கேட்டறியும் கருவி உருவாக்கப்பட வேண்டும். பத்து நாள் கூலியின் ஒரு பகுதியை இழந்து சிகிச்சைக்கு வருபவருக்கு, தம் மருத்துவர் எதனை அறிந்து சொல்கிறார், எதனைக் கருதிச் சொல்கிறார் என்பதைக் கேட்டறியும் உரிமை உண்டு. அதற்கு விடை சொல்லும் ஆயத்தத்தை மருத்துவருக்கு அளிப்பது கல்வியின் கடன்.